காற்றுக்குப் பதக்கம்!

தம்பி,

போர் முடிந்ததும் முரசு கொட்டுகிறார்கள். கொடி ஏற்றுகிறார்கள். கோயில் மணிகளை ஒலிக்கச் செய்கிறார்கள். வென்ற தளபதிக்கு மாலை, முடிதரித்தோருக்கு வாழ்த்து, வானுறையும் தேவனுக்கு நன்றி! எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஒருவனுக்கு மட்டும் என்ன கிடைத்தது என்று ஏட்டைப் புரட்டினால், விடை எளிதிலே அகப்படுவதில்லை. பாய்மரக் கயிற்றை இழுத்தவன் அவன். வெடிமருந்து சுமந்தவன் அவன். புழுத்த ரொட்டியைத் தின்று, புளித்த பீரைக் குடித்து, கரை சேர்ந்ததும் காய்ச்சலிலே சாய்ந்தவன் அவன். அவனைப் பற்றித்தான் உன்னோடு பேச விரும்புகிறேன். நாடு இங்கிலாந்து; எதிரி ஸ்பெயின்; ஆண்டு 1588.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியிலே வரலாறு கற்பித்தவன் நான். ஆர்மடா பாடம் வந்துவிட்டால் என் வகுப்பிலே ஆரவாரந்தான். கரும்பலகையிலே கப்பல் வரைவேன். காற்று வீசும் திசைக்கு அம்புக்குறி இடுவேன். கலே துறைமுகத்திலே நள்ளிரவில் நெருப்புக் கப்பல்கள் வந்த கட்டத்தைச் சொல்லும்போது, கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். அப்படி ஒருநாள் பாடம் முடிந்து மணி அடிக்கும் வேளையில், ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "ஐயா, சண்டையிலே ஜெயிச்ச கப்பல்காரங்களுக்கு ராணி என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

தம்பி, பாடநூலிலே அந்தக் கேள்விக்கு இடமே இல்லை! ராணி உண்டு, டிரேக் உண்டு, புயல் உண்டு. கயிறு இழுத்தவனின் கூலி இல்லை. பாடநூல் விட்டுவிட்டதை அந்தச் சிறுமி விடவில்லை. அவளுக்காகத் தேடத் தொடங்கியவன், அவள் பள்ளியை விட்டுப் போன பிறகும் தேடிக்கொண்டே இருந்தேன். தேடியதிலே தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

பகை பிறந்த கதையை முதலில் பார்ப்போம். மதப்பகை என்பர். கத்தோலிக்க மார்க்கத்தின் காவலன் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப். புராடஸ்டண்டு மார்க்கத்தின் பக்கம் நின்றவர் இங்கிலாந்து அரசி எலிசபெத். நெதர்லாந்திலே பிலிப்பை எதிர்த்துக் கிளர்ந்தோருக்கு 1585-இல் எலிசபெத் படை அனுப்பினார். கத்தோலிக்கரின் நம்பிக்கையாக விளங்கிய மேரி ஸ்டுவர்ட்டின் தலை 1587-இல் வெட்டுண்டு வீழ்ந்தது. ரோமாபுரியிலே போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ், ஸ்பெயினின் படை இங்கிலாந்து மண்ணிலே கால் வைத்தால் பத்து இலட்சம் டுகாட் பொன் தருவதாக வாக்களித்தார். கால் வைத்தால்தான்! தேவகாரியத்திலும் எவ்வளவு கணக்கான பேரம், பார்த்தாயா?

மார்க்கம் மட்டுமா காரணம்? சந்தையும் காரணம்! 1562-இல் ஜான் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கடலோடி ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, மனிதரைப் பிடித்துக் கப்பலில் அடைத்து, கடலுக்கு அப்பாலிருந்த ஸ்பெயினின் தீவிலே விற்றான். இலாபம் கண்டது அரண்மனை. 1564-இல் அவன் மீண்டும் புறப்பட்டபோது, அரசியே தன் கப்பல் ஒன்றை அதற்குத் தந்தார். அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'லூபெக்கின் ஏசு'! அன்பே உருவானவர் என்று போற்றப்படும் ஏசுவின் பெயரைத் தாங்கிய கலத்தின் வயிற்றிலே, அடிமைகளின் அழுகுரல். விற்றவன் புராடஸ்டண்டு, வாங்கியவன் கத்தோலிக்கன். அங்கே மார்க்கம் குறுக்கே நிற்கவில்லை, தம்பி. 1568-இல் மெக்சிகோக் கரையிலே சான் யுவான் தெ உலுவா துறையில் ஸ்பானியர் ஹாக்கின்ஸின் கப்பல்களைத் தாக்கினர். தப்பி வந்தோரிலே ஒருவன்தான் பிரான்சிஸ் டிரேக். பழிவாங்கும் எண்ணத்துக்கு அன்று விழுந்த வித்து, பின்னர்க் கடலெங்கும் கொள்ளையாகக் கிளை விட்டது.

கொள்ளையடிக்க என்ன இருந்தது? தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையில் 1545-இல் கண்டெடுக்கப்பட்ட வெள்ளி. அந்த மலையைக் குடைந்தவர் அம்மண்ணின் மைந்தர்; முறை வைத்து ஊர் ஊராக இழுத்து வரப்பட்டுச் சுரங்கத்திலே இறக்கப்பட்டவர். அவர்கள் வெட்டிய வெள்ளி ஸ்பெயின் மன்னனின் கருவூலத்துக்கு வந்தது. அங்கே நில்லாமல் படைச் செலவாகக் கரைந்தது. 1557, 1575, 1596 என்று பிலிப் திரும்பத் திரும்பக் கடனைத் திருப்பித் தர இயலாது கைவிரித்தான். உலகத்து வெள்ளியெல்லாம் ஒருவனிடம், அவனோ கடனாளி! போர் என்னும் பேய்க்கு எத்தனை மலை இருந்தாலும் போதாது போலும்.

இனி ஆர்மடாவுக்கு வருவோம். ஏறத்தாழ 130 கப்பல்கள், 30,000 அளவிலே ஆட்கள். தலைமை ஏற்றவர் மெடினா சிடோனியா கோமகன். 'எனக்குக் கடல் பழக்கமில்லை, கப்பலேறினால் குமட்டுகிறது, வேறு ஆளைப் பாருங்கள்' என்னும் பொருள்பட அவர் மன்னனுக்கு எழுதினார். மன்னன் விடவில்லை. கடவுளின் காரியத்திலே கடற்பழக்கம் எதற்கு? லிஸ்பன் தேவாலயத்தின் பீடத்திலிருந்து, இறைவனை எழுந்து வந்து தன் வழக்கைத் தானே நடத்தும்படி வேண்டும் வாசகம் பொறித்த கொடியை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த நாளிலே நாட்காட்டிக்குக் கூட மதம் இருந்தது. போப் திருத்திய புதிய நாட்காட்டியை 1582-இல் ஸ்பெயின் ஏற்றது. போப் சொன்னார் என்பதற்காகவே இங்கிலாந்து மறுத்தது. 1752 வரையில் மறுத்தது! ஆகவே கிரேவ்லின் கடற்போர் ஸ்பானியருக்கு ஆகஸ்டு 8-ஆம் நாள். ஆங்கிலேயருக்கு ஜூலை 29. ஒரே கடல், ஒரே பீரங்கிப் புகை. நாள் மட்டும் இரண்டு. கதிரவன் யார் கணக்கிலே உதித்தானோ!

கலே துறையிலே நங்கூரமிட்டிருந்த ஆர்மடாவின்மீது நள்ளிரவிலே எட்டு நெருப்புக் கப்பல்கள் ஏவப்பட்டன. நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு ஸ்பானியர் சிதறினர். மறுநாள் கிரேவ்லினில் பீரங்கிகள் முழங்கின. அதற்கும் மறுநாள் நடந்ததைத்தான் நீ கூர்ந்து பார்க்க வேண்டும். காற்று ஸ்பானியக் கப்பல்களை ஜீலந்துக் கரையின் மணல்திட்டை நோக்கித் தள்ளியது. இன்னும் சிறிது நேரம் என்றால் அத்தனையும் தரை தட்டியிருக்கும். திடீரெனக் காற்று திசை மாறியது, கப்பல்கள் தப்பின. தேவன் நம்மைக் காத்தான் என்று ஸ்பானியர் மண்டியிட்டு நன்றி கூறினர். அதே காற்று அவர்களை வடக்கே விரட்டிச் சென்றது; ஸ்காட்லாந்தைச் சுற்றி, அயர்லாந்தின் பாறைகளிலே மோத வைத்தது. தேவன் நம்மைக் காத்தான் என்று இம்முறை ஆங்கிலேயர் நன்றி கூறினர்! டச்சுக்காரர் ஒரு பதக்கமே அடித்துவிட்டனர்: யெகோவா ஊதினார், அவர்கள் சிதறினர் என்ற கருத்துப்பட. 300 ஆண்டு நினைவாகப் பிளிமத்திலே எழுப்பிய சின்னத்திலும் அதே கருத்தே பொறிக்கப்பட்டுள்ளது.

காற்றுக்குப் பதக்கம்! நினைவுச் சின்னத்திலும் காற்றுக்கே புகழ்! பாயை விரித்துப் பிடித்தவனுக்கு?

பாறையிலே மோதி மாண்டோரைப் பற்றியும் ஒரு சொல். அயர்லாந்தின் ஸ்ட்ரீடா கடற்கரையிலே மூன்று கப்பல்கள் ஒருசேர நொறுங்கின. கரையொதுங்கிய பிணங்கள் ஆயிரத்துக்கு மேல். தப்பிக் கரையேறியோரைக் கொல்லுமாறு ஆங்கில ஆட்சியாளர் கட்டளை இட்டனர். அந்தக் கப்பல்களில் ஒன்றாகிய லா யூலியானாவின் வெண்கலப் பீரங்கிகளை 2015-இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். பீரங்கிகளிலே புனிதர்களின் உருவம்! ஜிரோனா என்னும் கப்பல் மூழ்கிய இடத்தை 1967-இல் கண்டுபிடித்து, அங்கே முத்துக்குளித்தது போல் மூழ்கி எடுத்தவற்றிலே ஒரு பொன் மோதிரமும் இருந்தது. ஒரு கை, அந்தக் கையிலே ஓர் இதயம், தருவதற்கு என்னிடம் இதற்கு மேல் ஒன்றுமில்லை என்னும் பொருளிலே ஒரு வாசகம். எந்தப் பெண் எவனுக்குத் தந்தாளோ! ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உப்புநீரிலே கிடந்தும் அந்த எழுத்து அழியவில்லை. அவளை அழ வைத்தவர்களின் பெயர்களும் வரலாற்றிலே அழியவில்லை. அவள் பெயர்தான் இல்லை.

தோற்றவன் கதை இது. சரி, வென்றவன் கதை?

இங்கிலாந்தின் நாட்காட்டிப்படி ஆகஸ்டு 9. தேம்ஸ் நதிக்கரையிலே டில்பரி பாசறை. வெண்புரவி, வீரர் அணிவகுப்பு. அரசி எலிசபெத் முழங்குகிறார். பெண்ணின் உடல், ஆனால் மன்னரின் நெஞ்சம் என்று அவர் சொன்னதாக 1654-இல் அச்சேறிய அந்தப் பேச்சை உலகமே அறியும். அதே பேச்சிலே இன்னொரு வாக்கும் உண்டு: உங்களுக்கு உரியது முறையாகத் தரப்படும், இது அரச வாக்கு என்றார். ஆர்மடா அதற்குள் வடகடலுக்கு ஓடி நாள்கள் ஆகியிருந்தன. ஆபத்து விலகிய பிறகு பிறந்த ஆவேசம் அது.

மறுநாள், ஆகஸ்டு 10. அதே தேம்ஸ் கடலோடு கலக்கும் பக்கத்தில், கெண்ட் கரையிலே மார்கேட் என்னும் ஊர். கடற்படைத் தலைவர் ஹோவர்டு, அரசியின் அமைச்சர் பர்லி பிரபுவுக்குக் கடிதம் எழுதுகிறார். நோயும் சாவும் பெருகுகின்றன. ஆட்களை இறக்கி வைக்க இடமில்லை. தெருவிலே கிடந்து சாகிறார்கள் என்கிறார். இத்தனை வீரமாக உழைத்தவர்கள் இப்படிச் சாவதைக் கண்டால் எவர் நெஞ்சும் கலங்கும் என்று வருந்துகிறார். உடுத்திய ஆடை கிழிந்துவிட்டது. ஆயிரம் பவுன் மதிப்புக்குச் சட்டையும் காலணியும் அனுப்புங்கள் என்று மன்றாடுகிறார். எலிசபெத் ஜோனஸ் என்ற ஒரே கப்பலில் மட்டும், புறப்பட்ட 500 பேரில், பிளிமத்திலே தங்கிய சில வாரங்களுக்குள்ளாகவே 200 பேருக்கு மேல் மாண்டனர். ஆட்களை இறக்கி, உள்ளே தீ மூட்டிப் புகையூட்டித் தூய்மை செய்து, புது ஆட்களை ஏற்றினர். அவர்களோடு நோயும் மறுபடி ஏறிற்று.

சண்டையிலே மாண்ட ஆங்கிலேயர் நூறு பேர் அளவே என்பர். சண்டை முடிந்தபின் நோயால் மாண்டவரோ ஆயிரக்கணக்கினர். ஸ்பெயினின் பீரங்கி செய்யாததைத் தாய்நாட்டின் தெரு செய்து முடித்தது, தம்பி!

மாலுமியின் கூலி எவ்வளவு? மாதம் பத்து ஷில்லிங். அதையும் காலத்திலே தரவில்லை. கருவூலம் வற்றியிருந்தது உண்மை. அமைச்சர் பர்லிக்குத் தலைவலி இருந்ததும் உண்மை. ஆனால் அந்தத் தலைவலிக்கு அவர் கண்ட மருந்து என்ன? சாவு நேர்ந்திருப்பதாலும், நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாலும், கொடுக்க வேண்டிய ஊதியத்திலே ஏதேனும் மிச்சமாகுமே என்று எழுதினார். இத்தனை பேர் இறந்தும் ஊதியக் கணக்கு இறக்கவில்லையே என்று வியந்தார். ஹோவர்டு தம் கைப்பணத்தைச் செலவிட்டார், அது போதவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது ஏட்டை மூடி வைத்துவிட்டேன். இங்கிலாந்து மறைந்து, என் தாய் நடந்த தெரு தெரிந்தது.

என் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். ஆலையின் வெள்ளிவிழாவிலே பந்தல் போட்டார்கள், மேளம் முழங்கிற்று, தொழிலாளரே ஆலையின் உயிர் என்று மேடையிலே பேசினார்கள், ஆளுக்கொரு பித்தளைச் செம்பு தந்தார்கள், விழா நாள் பொறித்து. இரண்டாண்டு கழித்துப் பஞ்சுத் தூசி நெஞ்சிலே அடைத்து அப்பா மாண்டார். வர வேண்டிய பாக்கிக்கு அம்மா நடந்தார். ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, நான்கு ஆண்டுகள்! "ஏம்மா, கையெழுத்துப் போட ஆளே இல்லியே, யாருக்குன்னு கணக்கு எழுதறது?" என்றார் கணக்கர். கொடியவர் அல்லர் அவர். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். ஐந்தாம் ஆண்டிலே பாதித்தொகை வந்தது. ஒருநாள் அம்மா அந்தச் செம்பைத் துலக்கிக்கொண்டே சொன்னார்: "செம்பு என்னமோ நல்ல செம்புதான் ராசா. உலை வைக்க அரிசிதான் இல்லே."

ஆள் இறந்தால் கணக்கும் இறக்க வேண்டும் என்று எண்ணுவது ஒரு நாட்டின் குணமன்று, ஒரு காலத்தின் குணமன்று. அமைச்சருக்கும் கணக்கருக்கும் இடையே நாலு நூற்றாண்டு, எண்ணம் ஒன்றே. புகழ்ச்சிக்குச் செலவில்லை, ஆகவே அதைத் தாராளமாக வழங்குகிறார்கள். கூலிக்குச் செலவு உண்டு. ஆகவே அங்கே கை நடுங்குகிறது.

ஊதியவர் யெகோவா என்றால், அடுத்த ஆண்டு ஏன் ஊதவில்லை? 1589-இல் டிரேக்கும் நாரிஸும் தலைமை தாங்க, 150 அளவிலே கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து ஸ்பெயின் நோக்கிப் புறப்பட்டன. கொருன்னாவிலே நேரம் போயிற்று. லிஸ்பனிலே முயற்சி முறிந்தது. நோயிலே பல்லாயிரவர் மாண்டனர். திரும்பியோருக்குக் கூலி இல்லை. இலண்டன் தெருவிலே கூடிக் கேட்டனர். கேட்டவருக்குக் கிடைத்ததென்ன? சிலருக்குத் தூக்குக் கயிறு! அந்தத் தோல்விக்குப் பதக்கமும் இல்லை, பாடநூலிலே பக்கமும் இல்லை. 1596-இலும் 1597-இலும் ஸ்பெயின் அனுப்பிய படைகளைப் புயல் கலைத்தது. வெற்றி வந்தால் தேவன் கணக்கிலே வரவு. தோல்வி வந்தால் எவர் கணக்கிலும் எழுதுவதில்லை.

இந்தப் பகைக்கும் நம் கரைக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலின் முடியும் ஸ்பெயின் மன்னரிடமே இருந்தது. ஆகவே கோவாவிலிருந்து சென்ற மாத்ரே தெ தேவுஸ் என்னும் பெருங்கலத்தை 1592-இல் ஆங்கிலேயர் எதிரிக் கப்பல் என்று கவர்ந்தனர். மூட்டை மூட்டையாக மிளகு, கிராம்பு, இலவங்கம்! கண்ட கண்கள் கிழக்கே திரும்பின. 1600 டிசம்பர் 31-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அதன் முதல் பயணத்துக்குத் தலைமை தாங்கிய லங்காஸ்டர், ஆர்மடாப் போரிலே கப்பல் செலுத்தியவர். ஏறிச் சென்ற கலமும் ஸ்பெயினைக் கொள்ளையிடக் கட்டியதே. 1639-இல் சென்னைக் கரையிலே அவர்கள் இடம் பிடித்த கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பகை எப்படி முடிந்தது? 1598-இல் பிலிப் மறைந்தான். 1603-இல் எலிசபெத் மறைந்தார். 1604-இல் இலண்டன் சாமர்செட் மாளிகையில் சமாதானம் பேசினர். அந்தக் காட்சி ஓவியமாக இருக்கிறது: கம்பளம் விரித்த நீண்ட மேசை, இருபுறமும் பதினொரு பேர், கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப் பட்டையுமாக. மார்கேட் தெருவைக் கண்டு கலங்கிய ஹோவர்டு அங்கே அமர்ந்திருக்கிறார். பர்லியின் மகன் ராபர்ட் செசில் அங்கே இருக்கிறார். எதிரியாயிருந்த ஸ்பெயினிடம் ஆண்டுதோறும் உதவித்தொகை பெற்றுக்கொண்டவர்! மறு ஆண்டு ஹோவர்டே பெரும் பரிவாரத்தோடு ஸ்பெயினின் வயதோலித் நகரம் சென்று, விருந்துண்டு திரும்பினார். சமாதானம் நல்லது, தம்பி. நான் அதைக் குறை கூறவில்லை. பத்தொன்பது ஆண்டுப் பகையைப் பேசித் தீர்க்கப் பதினொரு நாற்காலிகள் போதுமென்றால், அத்தனை ஆயிரம் பேரைக் கடலுக்கு அனுப்பியது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். ராணி என்ன கொடுத்தார்? 1593-இல் ஒரு சட்டம் வந்தது: உடல் ஊனமுற்ற போர்வீரருக்கும் மாலுமிக்கும் ஊர்தோறும் வரி தண்டி உதவ வேண்டும் என்று. ஆர்மடா முடிந்து ஐந்தாண்டு கழித்து! அதற்கு முன்னரே, 1590 அளவில், சாத்தம் கப்பல் தளத்திலே ஒரு நிதி தொடங்கப்பட்டது. மாலுமியின் பத்து ஷில்லிங் ஊதியத்திலே மாதம் ஆறு பென்ஸ் பிடித்து, ஊனமுற்ற மாலுமிக்குத் தந்தனர். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அப்படியானால் கூலியிலே இருபதில் ஒரு பங்கு. அரண்மனையின் கொடையன்று அது, தேவாலயத்தின் காணிக்கையும் அன்று. கயிறு இழுத்தவன், தன்னோடு கயிறு இழுத்துக் கை இழந்தவனுக்குத் தந்த காசு.

காற்றை நம்பியவர் பதக்கம் அடித்தனர். கடலை அறிந்தவர் தோழனுக்காகக் காசு சேர்த்தனர். வெற்றிவிழாப் பந்தலை இனி எங்கே கண்டாலும், தம்பி, மேடையிலே பேசுவோரைப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. பந்தலுக்குப் பின்புறம் போய், இதற்கெல்லாம் உழைத்தவருக்குக் கூலி வந்ததா என்று ஒரு வார்த்தை கேள். பத்து வயதுச் சிறுமிக்குத் தோன்றிய கேள்வி, நமக்குத் தோன்றாமலா போகும்?